சிஸ்டரிடம் கேளுங்கள்: இட்லி மாவு இட்லிக்கு மட்டும்

இந்த மாதமும் ஒரு கட்டு கடிதங்கள். பாதிக்கு மேல் "என்ன சாப்பிட்டால் நல்லது?" என்றே கேட்கின்றன. அவற்றைச் சமையல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். அரசு மருத்துவமனையில் 34 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். ஒன்றும் செய்யாமல் இருந்து கெட்டவர்களைவிட, பதறிப்போய் எதையாவது செய்து கெடுத்துக்கொண்டவர்களையே அங்கே அதிகம் பார்த்தேன். அதனால் மற்ற கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

அப்பளம் பொரிக்கும்போது மருமகள் கையில் எண்ணெய் தெறித்துவிட்டது. உடனே இட்லி மாவை அள்ளிப் பூசினேன். "குளுகுளுவென்று இருக்கிறது அத்தை" என்றாள். ஆஸ்பத்திரியில் என்னைத் திட்டினார்கள். மாவு பூசியது தவறா?
— குடியாத்தம் வாசகி

உங்களைத் திட்டியது தவறு. மாவு பூசியதும் தவறுதான், அம்மா.

குளுகுளுவென்று இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஈரமான எதை வைத்தாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மாவு இரவோடு இரவாகப் பொங்குவது அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்களால். வயிற்றுக்கு அவை நல்லவை. தோல் வெந்து திறந்து கிடக்கிற இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை? பூசிய மாவு அரைமணி நேரத்தில் காய்ந்து ஓடாகிவிடும். அதை உப்பு நீரில் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். நானே எத்தனையோ குழந்தைகளுக்கு எடுத்திருக்கிறேன். சுட்டபோது அழுததைவிட அப்போதுதான் அதிகம் அழுவார்கள். பேனா மை, பற்பசை, காபித்தூள், மஞ்சள் என்று பூசிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. மையிலும் மஞ்சளிலும் இன்னொரு சங்கடம் இருக்கிறது. புண்ணின் நிறத்தைப் பார்த்துத்தான் டாக்டர் அதன் ஆழத்தைக் கணிக்கிறார். நீல நிறத்தில் கையை நீட்டினால் அவர் எதைப் பார்ப்பார்?

குழாய்த் தண்ணீர் போதும். கையைக் குழாய்க்குக் கீழே பிடித்து 20 நிமிடம் விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் அடங்கியதும் எல்லாரும் கையை எடுத்துவிடுகிறார்கள். மேல்தோல் ஆறினாலும் உள்ளே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், அதற்குத்தான் 20 நிமிடம். குழாயில் தண்ணீர் வராத நேரமென்றால் குடத்திலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றுங்கள். சுட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் இப்படிச் செய்வதில் பலன் உண்டு. ஐஸ் கட்டி வேண்டாம், அது வெந்த தோலை இன்னும் கெடுக்கும்.

தண்ணீரில் கை இருக்கும்போதே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். வீங்கியபின் கழலாது. ஒரு கல்யாண மோதிரத்தை நாங்கள் வெட்டி எடுத்தபோது, புண்ணுக்கு அழாத அந்தப் பெண் மோதிரத்துக்காகத் தேம்பித் தேம்பி அழுதாள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடி அழைத்துச் செல்லுங்கள். உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்திருந்தாலும், முகம், கை, மறைவிடங்களில் பட்டிருந்தாலும், மின்சாரத்தால் சுட்டிருந்தாலும் வீட்டு வைத்தியம் கூடவே கூடாது.

எனக்கு ரத்த அழுத்தம் மருத்துவமனையில் 160, மருந்துக் கடையில் 146, வீட்டுக் கருவியில் 132 காட்டுகிறது. எது உண்மை?
— மன்னார்குடி வாசகர்

மூன்றுமே உண்மையாக இருக்கலாம். காலையில் பஸ்ஸை விட்டு ஓடி வந்து, ஓபி சீட்டுக்கு வரிசையில் நின்று, உட்கார்ந்ததும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பெண்ணின் வரன் கதையைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார்கள். அந்த நிலையில் யாருக்குத்தான் ஏறாது? கையைத் தொங்கவிட்டால் ஏறும். பேசினால் ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும்.

முறை இதுதான். காபி, புகை எல்லாம் அரைமணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படிய ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். மேசைமேல் கையை வைத்தால் பட்டை நெஞ்சு உயரத்துக்கு வரும். சட்டைக்கை மேல் கட்டாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். இப்படி ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி, அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டுங்கள். மூன்றில் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த வாடை கொஞ்சம் அடிக்கிறது.

கல்லுப்பை விட்டு இந்துப்புக்கு மாறிவிட்டோம். இனி பிரஷர் பயம் இல்லைதானே?
— காரைக்குடி வாசகி

கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் மட்டும் இளஞ்சிவப்பு. விலையும் கொஞ்சம் சிவக்கும்.

மாற வேண்டியது அளவு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, தலைதட்டி ஒரு டீஸ்பூன். யாரும் வீட்டில் உப்பைத் தராசில் போடப் போவதில்லை. அதனால் பாக்கெட்டைப் பாருங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். உடைத்த தேதியைப் பாக்கெட்டின்மேல் எழுதி வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் முறை 29 நாளில் தீர்ந்தது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் வழியாக உள்ளே போனது இந்தக் கணக்கில் சேரவே இல்லை!

இன்னொன்று. இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. 1950களில் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் உப்பில் அயோடின் கலந்து கொடுத்து, முன்கழுத்துக் கழலை குறைவதைக் காட்டினார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் நமக்கு அயோடின் உப்பு வந்தது. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் அதைக் கைவிடக் கூடாது. சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொட வேண்டாம்.

என் மகளுக்கு ஐந்தாம் மாதம். சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரையைக் காலைக் காபியோடு போடுகிறாள். மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்தச் சொல்லட்டுமா?
— உசிலம்பட்டி வாசகி

நிறுத்தக் கூடாது. நிறுத்த வேண்டியது காபியைத்தான், அந்த வேளைக்கு மட்டும்.

அது இரும்புச் சத்து மாத்திரை. உடல் எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு வெளியேறுவதால் மலம் கறுக்கும், பயப்பட ஒன்றுமில்லை. காபியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை இரண்டும் அதற்கு ஆகாது. சுண்ணாம்புச் சத்து ஒரு வேளை, இரும்பு வேறு வேளை என்று பிரித்துவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ போட்டால் நன்றாக ஏறும். குமட்டினால் இரவு சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போடச் சொல்லுங்கள். நாலாம் மாதம் தொடங்கி 180 நாள், பிள்ளை பிறந்தபின் இன்னொரு 180 நாள்.

ஒரு முறை கிராமத்துக்குப் பரிசோதனைக்குப் போனபோது, ஒரு வீட்டுக் கொல்லையில் வாழை மரத்தடியில் சிவப்புச் சிவப்பாகக் கிடந்தது. பூ என்று நினைத்து அருகில் போனேன். இரண்டு மாத மாத்திரை. வாழை நன்றாகத்தான் இருந்தது, பெண்ணுக்கு ரத்தம் 7 கிராம். "இதைப் போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் யாராவது சொல்லுவார்கள், காதில் வாங்காதீர்கள்.

காது என்றதும் கேட்கிறேன், குரும்பியை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்?
— பவானி வாசகர்

காதைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை, தம்பி. இருந்தாலும் சொல்கிறேன். எடுக்கவே வேண்டாம். காதுக் குழாயின் தோல் செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது, குரும்பியும் அதோடு வந்துவிடும். மெல்லும்போது தாடை அசைவதும் அதற்கு உதவும். பட்ஸ் போட்டால் வெளியே வந்துகொண்டிருப்பதை உலக்கையால் இடிப்பதுபோல உள்ளே இடித்து இறுக்கிவிடுவீர்கள். ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி, வண்டிச் சாவி இவையெல்லாம் செவிப்பறைக்கு எமன். குளித்தபின் வெளிமடலைத் துண்டால் துடையுங்கள், போதும். காது அடைத்துக் கேட்காமல் போனால் டாக்டர் எடுத்துவிடுவார். காய்ச்சிய எண்ணெய் ஊற்றவே கூடாது.

தினம் எட்டு டம்ளர் தண்ணீர் கட்டாயமா?
— நெய்வேலி வாசகி

எட்டு என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை. 1945இல் அமெரிக்காவின் உணவு ஊட்டச்சத்துக் குழு ஒன்று, பெரியவருக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர் என்று எழுதியது. அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்று அடுத்த வரியிலேயே எழுதியது. அந்த அடுத்த வரியை உலகம் படிக்கவில்லை. ரசம், மோர், கஞ்சி, வெள்ளரிக்காய் எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் போனால் சரியாகக் குடிக்கிறீர்கள். சித்திரை வெயிலில் வேலை செய்பவருக்கு எட்டு டம்ளர் போதாது. இதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எட்டு அதிகமாகவும் இருக்கலாம், அவர்கள் டாக்டர் சொன்ன அளவை மீறக் கூடாது.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கலாமா?
— ராணிப்பேட்டை மாணவி

கூடாது, ரத்தம் தொண்டைக்குள் இறங்கிக் குமட்டும். முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து, எலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதியை விரலால் அழுத்திப் பிடி, வாயால் மூச்சுவிடு. முழுதாகப் பத்து நிமிடம். நடுவில் நின்றுவிட்டதா என்று விட்டுப் பார்க்காதே. 20 நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குக் கிளம்பு.

விரல்களில் நெட்டி முறித்தால் வயதானபின் மூட்டுவலி வரும் என்று அம்மா பயமுறுத்துகிறார். உண்மையா?
— பட்டுக்கோட்டை இளைஞர்

குழந்தைக்குத் திருஷ்டி கழிக்க நெற்றிப்பொட்டில் விரலை மடக்கி நெட்டி முறிக்கும் பாட்டிகளுக்கெல்லாம் மூட்டுவலி அதனால்தான் என்றால் நம் ஊரே முடங்கியிருக்கும். அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற மருத்துவருக்கும் அவருடைய அம்மா இதையேதான் சொன்னார். அவர் 60 ஆண்டுகள் இடது கையில் மட்டும் நாள்தோறும் நெட்டி முறித்து, வலது கையைச் சும்மா விட்டு, கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டார். இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை. அதற்காக 2009இல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஆளின் கைகளை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது, ஆனாலும் அம்மாவிடம் சொல்ல இது போதும். கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு எரிச்சல் வருமே, அந்தத் தீமைக்கு ஆய்வு தேவையில்லை.

பனியன் நிறுவனத்தில் தையல் வேலை. மாலையில் இரண்டு காலும் வீங்கிவிடுகின்றன.
— திருப்பூர் வாசகி

இதயம் ரத்தத்தைக் காலுக்கு அனுப்பிவிடும். மேலே திரும்ப ஏற்றுவதில் பாதி வேலை கெண்டைக்கால் தசையுடையது. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி நாளங்களைப் பிழியும். உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கதவுகள் ரத்தம் கீழே திரும்பாமல் மூடிக்கொள்ளும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்தால் பம்பு நின்றுவிடுகிறது. மிஷின் நிற்கும்போதெல்லாம் குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குங்கள், மேற்பார்வையாளர் கண்ணில்கூடப் படாது. தண்ணீர் பிடிக்கும் சாக்கில் மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். இரவில் காலைத் தலையணைமேல் வையுங்கள். காலையிலும் வீக்கம் வற்றவில்லை என்றால், முகமும் ஊதினால், மூச்சு வாங்கினால் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். ஒரே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் உடம்பு எப்படி, சிஸ்டர்?
— பெயர் எழுதாத வாசகர்

இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். 34 ஆண்டுகள் நின்றே வேலை பார்த்ததில் இரண்டு காலிலும் நரம்புச் சுருட்டு. குதிகால் தூக்கும் வித்தையை ஓய்வு பெற்றபின்தான் நான் செய்யவே ஆரம்பித்தேன். இரவுப் பணியில் ஐந்து காபி குடிப்பேன். ஆயிரக்கணக்கான பேருக்குப் பிரஷர் பார்த்தவள், எனக்குப் பார்த்துக்கொண்டது 52 வயதில், அதுவும் தலைசுற்றி விழுந்தபின். இப்போது ஒரு மாத்திரை போடுகிறேன். ஆவக்காய் ஜாடியை என் கணவர் பரண்மேல் ஏற்றிவிட்டார். அந்த ஏணியில் ஏற என் காலால் முடியாது என்று அவருக்குத் தெரியும்.