ஒரே நாளில் தியோத்திவாக்கானும் புவெப்லாவுமா?

பழங்காலப் பிரமிடுகள் இருக்கும் தியோத்திவாக்கானையும் புவெப்லா நகரத்தையும் ஒரே நாளில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். மெக்சிகோ சிட்டியில் உங்களுக்கு ஒரு நாள்தான் மிச்சம் என்றால் தியோத்திவாக்கான் மட்டும் போய் வாருங்கள். ஏறக்குறைய 50 கிலோமீட்டர், பேருந்தில் ஒரு மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடலாம்.

வரைபடத்தில் இரண்டும் நகரத்துக்குக் கிழக்குப் பக்கமாகத் தெரிவதால்தான் சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்கும். ஆனால் தியோத்திவாக்கான் பேருந்து மெக்சிகோ சிட்டியின் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகிறது. புவெப்லா போவதென்றால், நகரின் கிழக்கே சான் லாசரோ மெட்ரோவை ஒட்டிய பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து 2 மணி நேரத்துக்கு மேல். பாதி நாள் பேருந்திலேயே போய்விடும்.

விடுதியிலிருந்து எந்த நிலையத்துக்கு மெட்ரோ சுலபம் என்று இன்றே பாருங்கள். வடக்கு நிலையத்தின் வாசலிலேயே 5ஆம் தடத்தின் மெட்ரோ இருக்கிறது. காலை 8 மணிக்குள் பேருந்தில் ஏறிவிட்டால் வெயிலுக்கு முன் சூரியப் பிரமிடை நிதானமாகப் பார்க்கலாம். நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். 2,300 மீட்டர் உயரம் வேறு, சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும்.

ஞாயிறு மட்டும் வேண்டாம். அன்று மெக்சிகோக்காரர்களுக்கு நுழைவு இலவசம், கூட்டம் அள்ளும். அப்புறம், பிரமிடின் மேல் ஏற விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். அந்த விதி மாறிக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு நாள் கிடைத்தால் புவெப்லாவோடு பக்கத்து ஊரான சோலுலாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பார்க்க வெறும் குன்று, மேலே தேவாலயம். உள்ளே இருப்பதோ கன அளவில் உலகின் மிகப்பெரிய பிரமிடு.