ஊரில் சரியாக வந்த குக்கீ வெளிநாட்டில் ஏன் பரவிவிடுகிறது?

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஊரில் எப்போது செய்தாலும் நன்றாக வரும் வெண்ணெய் குக்கீ, இங்கே டிரேயில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அடி கருகுகிறது, நடுவில் வேகவில்லை. அளவு எதையும் நான் மாற்றவில்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. அளவை நீங்கள் மாற்றவில்லை, சரி. ஆனால் அளக்கும் கப், வெண்ணெய், குக்கீ சுடும் அவன் (oven) மூன்றுமே மாறிவிட்டன.

முதலில் கப்பைப் பாருங்கள். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டியே 20 மி.லி.; மற்ற பெரும்பாலான இடங்களில் 15. அதைவிடப் பெரிய வித்தியாசம் மாவை எடுக்கும் விதத்தில் வருகிறது. மைதாவைக் கரண்டியால் மெதுவாகப் போட்டு நிரப்பினால் ஒரு கப் சுமார் 120 கிராம். கப்பையே பாக்கெட்டுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போகும். இரண்டு கப் மாவில் 60 கிராம் குறைந்தாலே குக்கீ பரவிவிடும். ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். உங்கள் பழைய கப் ஊரில் இருந்தால், நீங்கள் அள்ளுவது போலவே ஒரு கப் மாவு அள்ளி எடை போட்டுச் சொல்லும்படி வீட்டில் கேளுங்கள். அதுதான் உங்கள் உண்மையான அளவு.

அடுத்தது வெண்ணெய். அட்டையில் கொழுப்பு 80 முதல் 82 சதவீதம் என்று இருக்க வேண்டும். டப்பாவில் வரும், ரொட்டியில் தடவும் வகைகளில் கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததுமே அவை மெத்தென்று இருக்கும். சூடு பட்டவுடன் உருகி, ஓரம் இறுகுவதற்குள் மாவு ஓடிவிடும். நல்ல வெண்ணெயாகவே இருந்தாலும், ஹீட்டர் ஓடும் வீட்டில் வெளியே வைத்தால் அளவுக்கு மீறி இளகிவிடும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. மேலே பளபளவென்று எண்ணெய் தெரிந்தால் கொஞ்ச நேரம் குளிர வைத்துவிட்டுத்தான் சர்க்கரையோடு அடிக்க வேண்டும். உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் செய்முறையில் சொன்ன உப்பை விட்டுவிடுங்கள்.

மாவு வாங்கும்போது 'செல்ஃப் ரைசிங்' என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும். இந்தக் குக்கீக்கு அது வேண்டாம்.

அப்புறம் அவன். 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் செல்சியஸில் சுமார் 177. மின்விசிறியோடு இயங்கும் அவனில் இன்னும் 20 டிகிரி குறைத்து வையுங்கள். வாடகை வீட்டுப் பழைய அவன்களில் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று போதும், உண்மை தெரிந்துவிடும். அடி கருகுவதற்குப் பெரும்பாலும் கறுப்பு டிரேதான் காரணம், அது சூட்டை அதிகம் இழுக்கும். வெளிர் நிற அலுமினிய டிரேயில் பேக்கிங் பேப்பர் விரித்து நடுத்தட்டில் வையுங்கள். முதல் ஈடு எடுத்த சூடான டிரேயில் அடுத்த ஈட்டை உடனே அடுக்காதீர்கள். உள்ளே போகும் முன்பே வெண்ணெய் உருக ஆரம்பித்துவிடும்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் முழு மாவையும் ஒரே மூச்சில் சுட்டுவிடாமல், ஒரே ஒரு குக்கீயை மட்டும் சுட்டுப் பாருங்கள். பரவினால் மீதி மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து இன்னொன்று சுடுங்கள். அப்போதும் பரவினால் ஒரு மேசைக்கரண்டி மைதா சேர்க்கலாம்.

நடு வேகவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதில் பாதி அவசரமாகவும் இருக்கலாம். ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்து, அதே டிரேயில் 5 நிமிடம் விடுங்கள். அந்தச் சூட்டிலேயே நடுவும் இறுகிவிடும்.