பணம் கட்டுவது இங்கிலாந்துக்கு, அனுப்புவது உகாண்டாவுக்கா?

ஐயா, வணக்கம். "கடன் வாங்கி லண்டன் பக்கம் அனுப்பினால், அவர்கள் என் பெண்ணை உகாண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம்" என்று நீங்கள் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிக்கவும். உங்கள் பயம் நியாயமானதுதான்.

உங்கள் பெண்ணைப் போல சர்வதேச வளர்ச்சி, அதாவது ஏழை நாடுகளின் முன்னேற்றம் பற்றிய படிப்பு, படிக்கும் பிள்ளைக்குக் களப்பணி, மருத்துவ மாணவருக்கு வார்டு மாதிரி. மான்செஸ்டர் போன்ற இடங்களில் முதுகலைப் படிப்போடு வெளிநாட்டுக் களப்பயணமும் சேர்ந்தே வரும். போகும் நாடு வருடத்துக்கு வருடம் மாறலாம். தொண்டு நிறுவன வேலைக்கு நேர்காணலுக்குப் போனால், "களத்தில் என்ன செய்தீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். மதிப்பெண் அதற்கு அப்புறம்.

ஆனால் இதில் இரண்டு வகை உண்டு. பெற்றோர் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ஆசிரியர்களோடு கூட்டமாகப் போய் ஓரிரு வாரத்தில் திரும்புவது. தங்குமிடம், வண்டி, காப்பீடு எல்லாம் பெரும்பாலும் துறையே பார்த்துக்கொள்ளும். மற்றொன்று, ஆய்வேட்டுக்காக மாணவி தனியாகப் போய்த் தகவல் சேகரிப்பது. உங்கள் கவலையை இரண்டாவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். உகாண்டாவில் ஆய்வு என்றால் அந்நாட்டு அறிவியல் தொழில்நுட்பக் குழுவின் அனுமதியும் வேண்டும், கென்யா என்றால் அங்கே அதே வேலையைப் பார்க்கும் நகோஸ்டி என்ற அரசு அமைப்பின் உரிமம். என்னிடம் வந்த ஒரு பையன், அனுமதி வருவதற்குள் அவசரப்பட்டு நாற்பது பேரிடம் பேட்டி எடுத்துவிட்டான். ஒன்றைக்கூட ஆய்வேட்டில் சேர்க்க விடவில்லை. பாவம், நோட்டுப் புத்தகம் மூன்று நிறைய எழுதியிருந்தான்.

பாப்பா கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போடட்டும். படிப்புக் கட்டணத்திலேயே விமான டிக்கெட்டும் அடங்குமா, விசாவுக்கும் தடுப்பூசிக்கும் யார் செலவு, போகாதவர்களுக்கு மாற்று உண்டா என்று கேட்கட்டும். பதில் எழுத்தில் வரட்டும், வாய்வார்த்தை வேண்டாம். ஏஜென்ட் சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். பாம்பு, சிங்கம் எல்லாம் விடுங்கள். உகாண்டா தலைநகர் கம்பாலாவில் 'போடா போடா' என்று பைக் டாக்ஸி ஓடும். நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி சகஜம். நான் பயப்படுவது அதற்குத்தான். ஹெல்மெட் இல்லாமல் பின்னால் ஏறிவிடுவார்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்தது மலேரியா. மாத்திரையைப் போகும் முன்பே தொடங்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் தொடர வேண்டும். எத்தனை நாள் என்பது மாத்திரையைப் பொறுத்தது, டாக்டர் சொல்வார். ஊர் வந்தாயிற்று என்று நடுவில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

கடைசியாக மஞ்சள் காய்ச்சல் ஊசி. உகாண்டா விசா விண்ணப்பத்திலேயே அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். இங்கிலாந்தில் இதற்குக் கைக்காசுதான். ஆகவே விமானம் ஏறும் முன்பே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுவிடலாம்; எந்த நாளில் போடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சான்றிதழாகத் தரும் அந்த மஞ்சள் புத்தகத்தைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உகாண்டாவிலிருந்து பாப்பா நேராக ஊருக்கு வந்தால், நம் விமான நிலையத்திலும் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.