புது ஊரில் நல்ல தைராய்டு டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

எட்டு வருஷமாக ஒரே டாக்டரிடம் பார்த்துவந்தீர்கள், இப்போது வேலை மாறி வேறு ஊருக்கு வந்துவிட்டீர்கள், இங்கே யாரையும் தெரியாது, ஹார்மோன் ஸ்பெஷலிஸ்ட்டிடம்தான் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2022 ஜூனில் பாளையங்கோட்டையிலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிவந்தபோது எனக்கும் இதே கேள்விதான். சரியான ஆளைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய எட்டு மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

2012-ல் மூத்த மகள் பிறந்த பிறகு எனக்கு ஹைப்போ தைராய்டு, அதாவது தைராய்டு குறைவாகச் சுரப்பது என்று தெரிந்தது. ஆன்டி டிபிஓ, அதாவது தைராய்டையே தாக்கும் எதிர்பொருளுக்கான டெஸ்ட், பாசிட்டிவ். பத்து வருஷமாக 75 மைக்ரோகிராம் மாத்திரை, டி.எஸ்.ஹெச். (தைராய்டு குறைந்தால் ஏறும் ரத்த டெஸ்ட் எண்) எப்போது பார்த்தாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில். கோவை வந்த மூன்றாவது மாதம் எடுத்த டெஸ்ட்டில் 9.4 என்று வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில், போர்டில் பெரிய எழுத்தில் 'தைராய்டு' என்று எழுதியிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், 100 என்று எழுதினார். இரண்டு மாதம் கழித்து 8.1. உடனே 125 ஆக்கினார். இரண்டு தடவையும் மூன்று நிமிஷத்துக்கு மேல் நான் அந்த அறையில் இருக்கவில்லை. காலையில் எழுந்திருக்கவே முடியாத அளவுக்கு அசதி, முடி கொத்தாகக் கொட்டியது. டோஸ் ஏறிக்கொண்டே போகிறதே, உடம்பில் வேறு ஏதாவது பெரிதாக இருக்கிறதோ என்று பயந்துபோய்விட்டேன்.

என் இளையவனைப் பார்க்கும் குழந்தைகள் டாக்டரிடம் ஒருநாள் இதைச் சொன்னபோது, அவர் ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் ஸ்பெஷலிஸ்ட்) பெயரை எழுதிக் கொடுத்தார். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மூன்று வாரம் ஆனது.

அந்தச் சந்திப்பை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். ரிப்போர்ட்டை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாத்திரையை எப்படிப் போடறீங்கம்மா? காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஆறு மணிக்கு மாத்திரை. ஏழு பத்துக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும், அதனால் மறந்துபோகாமல் இருக்க எல்லா மாத்திரையையும் ஒன்றாகவே போட்டுவிடுவேன். "எல்லா மாத்திரையும்னா?" கோவை வந்த புதிதில் ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்து, இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுத்திருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதை எனக்கு அதுவரை யாருமே சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

அப்புறம் எழுந்து என் பின்னால் வந்து நின்று, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "ஒரு வாய் வச்சுக்குங்க, நான் சொன்னதும் முழுங்குங்க" என்று கழுத்தில் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தார். தைராய்டு சுரப்பி நாம் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும். கட்டி ஏதாவது இருந்தால் அந்த நேரத்தில் விரலுக்குத் தட்டுப்படும். கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்த்தார். நாற்காலியில் மண்டி போடவைத்துக் குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். தைராய்டு குறைவாக இருந்தால் பாதம் துள்ளிவிட்டு மெதுவாகத்தான் திரும்பும் என்று தட்டிக்கொண்டே விளக்கினார். பத்து வருஷ தைராய்டு நோயாளியான என் கழுத்தைத் தொட்டுப் பார்த்த இரண்டாவது டாக்டர் அவர். இரும்பு மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மாற்றச் சொல்லி, டோஸைப் பழைய 75-க்கே கொண்டுவந்தார். எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். 2.6.

அதனால் நல்ல டாக்டரை நான் இப்போது இப்படித்தான் எடைபோடுகிறேன்: மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்கிறாரா, கழுத்தில் கை வைக்கிறாரா, அடுத்த டெஸ்ட் எப்போது, ஏன் அப்போது என்று சொல்கிறாரா. இந்த மூன்றும் இருந்தால் பட்டம் என்னவாக இருந்தாலும் பாதிக் கவலை விட்டது.

பட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்டுகள் குழப்பும். நம்மூரில் எண்டோகிரைனாலஜிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்துவிட்டு, அதற்கு மேல் மூன்று வருஷம் ஹார்மோனுக்கென்றே டி.எம். எண்டோகிரைனாலஜி படித்தவர். தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி. என்று பெயர்) எண்டோகிரைனாலஜியும் அதற்குச் சமம்தான். 'டயாபடாலஜி' என்று டிப்ளமோவோ ஃபெலோஷிப்போ மட்டும் போட்டிருந்தால் அவர் சர்க்கரைக்கு நல்ல டாக்டராக இருக்கலாம், ஆனால் அது வேறு படிப்பு. 'டயாபடிஸ் அண்ட் தைராய்டு கிளினிக்' என்ற பெயரை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்தியன் மெடிக்கல் ரெஜிஸ்டரில் டாக்டர் பெயரைப் போட்டுத் தேடலாம்.

ஆனால் உங்களுக்கு ஸ்பெஷலிஸ்ட்தான் வேண்டுமா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், டோஸ் பல வருஷமாக மாறவில்லை, வேறு தொந்தரவும் இல்லை. அப்படியென்றால் பொறுமையாகப் பேசுகிற ஒரு எம்.டி. ஜெனரல் மெடிசின் டாக்டரே தாராளம். 2013-ல் வெளியான எட்டு நகர ஆய்வு ஒன்றில் பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்கு ஹைப்போ தைராய்டு இருந்தது. இத்தனை பேரும் டி.எம். டாக்டரிடம் போய் நின்றால், உண்மையிலேயே அவர் தேவைப்படுகிறவர்களுக்கு இடம் கிடைக்காது. வருஷத்துக்கு ஒருமுறை, அல்லது டோஸ் மாறினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஒரு டி.எஸ்.ஹெச்., அதைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்ல ஒரு டாக்டர், இவ்வளவுதான் உங்கள் தேவை.

டோஸ் ஏற்றியும் எண் இறங்கவில்லையென்றால், ஹைப்பர் தைராய்டு (அதிகமாகச் சுரப்பது) என்றால், கழுத்தில் கட்டி என்றால், தைராய்டை இயக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியில் கோளாறு என்றால், அப்போது கட்டாயம் எண்டோகிரைனாலஜிஸ்ட்தான். குழந்தைக்கு என்றால் குழந்தைகளுக்கான எண்டோகிரைனாலஜிஸ்ட் தனியாக உண்டு. ஆபரேஷன் வரை போனால் சர்ஜனிடம் வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். குரலுக்குப் போகும் நரம்பும் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளும் ஒட்டினாற்போல் இருக்கும் இடம் அது, பழகிய கை வேண்டும். சின்ன ஊரில் இருந்தால் வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் எண்டோகிரைனாலஜி துறை இருக்கிறது. ஒருமுறை அங்கே காட்டி, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, மற்றபடி உள்ளூர் டாக்டரிடமே தொடர்வதும் நல்ல ஏற்பாடுதான்.

கர்ப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தைராய்டு மாத்திரை போடும் என் தங்கை பெங்களூருக்குக் குடிபோன இரண்டாவது வாரம் நாள் தள்ளிப்போனது. ஹார்மோன் டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் ஒரு மாதம் கழித்துத்தான் என்றார்கள், அவளும் சரி என்று காத்திருக்கத் தயாரானாள். நான் போனில் சத்தம் போட்டுத்தான் மறுநாளே பக்கத்திலிருந்த மகப்பேறு டாக்டரிடம் அனுப்பினேன். முதல் மூன்று மாதம் குழந்தை அம்மாவின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. ஏற்கனவே மாத்திரை போடுகிறவர்களுக்குக் கர்ப்பம் உறுதியானதும் டோஸை 25, 30 சதவீதம் கூட்ட வேண்டிவருவது சகஜம், அதற்கப்புறம் பாதிக் கர்ப்பம் தாண்டும்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட். இதற்கு ஸ்பெஷலிஸ்ட் கிடைக்கட்டும் என்று ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அதேபோல ஹைப்பர் தைராய்டுக்கு கார்பிமசோல் போடுகிறவர்களுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். புது ஊரில் டாக்டர் இல்லையே என்று யோசிக்காமல் எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் போய்விடுங்கள்.

யாரிடம் விசாரிப்பது? கூகுள் நட்சத்திரங்களை நானும் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். காத்திருந்த நேரம், ரிசப்ஷனில் பேசிய விதம், பார்க்கிங், இவற்றைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு உதவியது வேறு துறை டாக்டர்கள்தான். பல் டாக்டர், கண் டாக்டர், குழந்தைகள் டாக்டர், யாரைப் பார்க்கப் போனாலும் "உங்க வீட்ல ஒருத்தருக்கு தைராய்டுன்னா யார்கிட்ட போவீங்க?" என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போகலாம்.

போகும்போது ஃபைல் முக்கியம். அதில் எல்லாவற்றையும்விட முக்கியம் முதன்முதலில் எடுத்த ரிப்போர்ட், அதாவது மாத்திரை ஆரம்பிக்கும் முன் டி.எஸ்.ஹெச். எவ்வளவு இருந்தது என்பது. அது இல்லாவிட்டால் உங்களுக்கு மாத்திரை உண்மையிலேயே தேவையா என்று புது டாக்டரால் எளிதில் சொல்ல முடியாது. என் அம்மாவுக்கு 72 வயதில் 5.8 வந்தபோது, வயதானால் இந்த எண் கொஞ்சம் ஏறுவது இயல்பு, மாத்திரை வேண்டாம் என்று அவருடைய டாக்டர் சொன்னார். இப்போதும் அம்மா மாத்திரை இல்லாமல் நன்றாகவே இருக்கிறார். ஒரே தாளில் வருஷம், டோஸ், டி.எஸ்.ஹெச். என்று மூன்று பத்தியாக எழுதிக்கொண்டு போங்கள். நான் மகளின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதிக்கொண்டு போனேன், டாக்டர் அதை முதலில் எடுத்துப் படித்தார். மற்ற மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுபோங்கள். முடிக்கென்று பயோட்டின் சாப்பிட்டால் டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்னாலாவது நிறுத்துங்கள், அது பல லேப் மெஷின்களில் டெஸ்ட் ரிசல்ட்டையே மாற்றிக் காட்டிவிடும். கூடுமானவரை ஒரே லேப், காலை ஒரே நேரம். ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரை.

போனதும் கிளம்பிவிட வேண்டிய இடங்களும் உண்டு. ஏற்கனவே பாசிட்டிவ் என்று தெரிந்த ஆன்டி டிபிஓவை ஒவ்வொரு தடவையும் எடுக்கச் சொன்னால், அங்கேயே ஒரு டப்பா பவுடர் வாங்கச் சொன்னால், ஆறு மாதத்தில் மாத்திரையையே நிறுத்திக்காட்டுகிறேன் என்று சொன்னால், ஃபீஸ் கொடுத்தாயிற்றே என்று அடுத்த தடவையும் போகாதீர்கள்.

கடைசியாக, இந்தத் தேடலுக்கு நடுவில் மாத்திரை விட்டுப்போகக் கூடாது. தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் ஒருநாள் மறந்தால் ஒன்றும் ஆகாது, ஒரு மாதம் விட்டால் நன்றாகத் தெரியும். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி, உங்களை ஏற்கனவே பார்த்துவந்த டாக்டர் வீடியோவில் பார்த்து மருந்துச் சீட்டைப் புதுப்பித்துத் தரலாம். பழைய டாக்டருக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு, மூன்று மாதத்துக்கு எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். வாங்கும்போது இப்போது போடும் அதே பிராண்டையே வாங்குங்கள். எல்ட்ராக்சினோ தைரோநார்மோ, எதுவாக இருந்தாலும் சரி. மெடிக்கல் ஷாப்பில் வேறு பிராண்டுதான் இருக்கிறது என்று கொடுத்தால், மாற்றிய தேதியை அந்தத் தாளில் குறித்துவையுங்கள், எட்டு வாரத்தில் ஒரு டி.எஸ்.ஹெச். எடுத்துவிடலாம்.