மாணவர் உரிமத்தில் ஓடிய ஆட்டோகேட்: நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: கோவையில் கட்டட வரைபட அலுவலகம் நடத்துகிறேன். தனிநபர் நிறுவனம், 3 கம்ப்யூட்டர்கள். பொறியியல் படிக்கும் அக்கா மகனின் கல்லூரி மின்னஞ்சலில் எடுத்த மாணவர் கணக்கில்தான் 2 வருடமாக ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் ஓடுகிறது. இப்போது மென்பொருள் நிறுவனத்தின் சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 10 நாளில் எல்லா கம்ப்யூட்டர்களின் விவரமும் கேட்கிறார்கள். கிராக் (உரிமப் பூட்டை உடைக்கும் புரோகிராம்) எதுவும் போடவில்லை, அவர்கள் தளத்திலிருந்தே இறக்கியதுதான். இது குற்றமா? ஃபார்மட் செய்துவிட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: ஃபார்மட் செய்யாதீர்கள். நோட்டீஸ் கைக்கு வந்தபின் அழித்தால் சாட்சியத்தை அழித்தார் என்ற தனிப் புகாருக்கு நீங்களே வழிவிடுகிறீர்கள். அழித்துப் பலனும் இல்லை. இத்தகைய மென்பொருள்கள் பொதுவாக இணையத்தில் இருக்கும்போதே கணக்கின் மின்னஞ்சல், கம்ப்யூட்டரின் அடையாளம், ஐபி முகவரி போன்றவற்றை நிறுவனத்துக்கு அனுப்பிவிடுகின்றன. நோட்டீஸ் வருவதே பெரும்பாலும் அந்தப் பதிவை வைத்துத்தான்.

‘கிராக் போடவில்லை’ என்பது நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கைகொடுக்காது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 51, உரிமம் இல்லாமல் பயன்படுத்துவதை மட்டும் மீறல் என்று சொல்லவில்லை. கொடுத்த உரிமத்தின் நிபந்தனையை மீறுவதையும் சேர்த்தே சொல்கிறது. கல்வி உரிமத்தின் நிபந்தனை படிப்பு, பயிற்சி, ஆராய்ச்சி ஆகியவற்றோடு முடிகிறது. கட்டணம் வாங்கி ஒரு வீட்டு வரைபடம் போட்டாலும் அதைத் தாண்டியதாகிவிடும். அதோடு, உரிமம் மாணவருக்குத்தான், அலுவலகத்துக்கு இல்லை.

தண்டனையைப் பார்ப்போம். தெரிந்தே மீறினால் பிரிவு 63-இன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்குத் தண்டனையைக் குறைக்க இடமிருக்கிறது; உங்கள் அலுவலகம் லாபத்துக்காக நடப்பதால் அந்தச் சலுகை கிடைப்பது கடினம். திருட்டுப் பிரதியைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துவதற்கான பிரிவு 63பி-யையும் நோட்டீஸில் காட்டியிருந்தால், நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கியது ‘மீறல் பிரதி’ ஆகாது என்று வாதாடலாம். ‘கிராக் போடவில்லை’ என்ற உங்கள் வாதத்துக்கு மதிப்பிருப்பது அந்த இடத்தில்தான்.

நடைமுறையில் இவை பெரும்பாலும் பணத்தில்தான் முடிகின்றன. ஆனால் நோட்டீஸைக் கிடப்பில் போட்டால், நிறுவனம் சிவில் வழக்குப் போட்டு, உங்களுக்குத் தெரிவிக்காமலே, லோக்கல் கமிஷனர் (நீதிமன்றம் தன் சார்பில் சோதனைக்கு அனுப்பும் நபர்) மூலம் அலுவலகத்தைச் சோதிக்க உத்தரவு வாங்கலாம். கமிஷனர் வந்தபின் பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

இன்றே மென்பொருளைத் திறப்பதை நிறுத்துங்கள். நீக்குவதற்கு முன் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கையும் முழுப் பிரதி எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். கம்ப்யூட்டர் பெயர், மென்பொருளின் பதிப்பு, உள்நுழைந்த மின்னஞ்சல், நிறுவிய தேதி, யார் பயன்படுத்தினார், பில் இருக்கிறதா என்று ஒரு பட்டியல் போடுங்கள். விண்டோஸ், ஆபீஸ், ஸ்கெட்ச்அப் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்; ஒன்றைத் தேடி வருகிறவர் இன்னொன்றையும் பார்ப்பார்.

நோட்டீஸ் உண்மையானதா என்று உறுதி செய்யுங்கள். அனுப்பியவருக்கு நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் கேட்கலாம். கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்க அவர்கள் அனுப்பும் ‘ஆடிட்’ புரோகிராமை வக்கீல் பார்க்காமல் ஓட்டாதீர்கள். 10 நாளுக்குள் வக்கீல் மூலம் சுருக்கமான பதில் போகட்டும்: நோட்டீஸ் கிடைத்தது, சரிபார்க்கிறோம், 3 வாரம் அவகாசம் வேண்டும், இது எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி எழுதப்படுகிறது. ‘பயன்படுத்தவே இல்லை’ என்று எழுதாதீர்கள். அவர்கள் பதிவை நீட்டினால் அந்த ஒரு வரி உங்களைப் பொய்யராக்கும். பின்தேதியிட்ட பில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். இப்போது இருப்பது உரிமப் பிரச்சினை; பொய் பில்லைக் காட்டினால் போலி ஆவண வழக்காகிவிடும்.

சமரசப் பேச்சில் அவர்கள் முதலில் சொல்லும் தொகை முடிவானதல்ல. எத்தனை கம்ப்யூட்டரில், எந்த மாதம் முதல் என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். மூன்றில் ஒன்றில் மட்டும் ஓடியிருந்தால் மூன்றுக்கும் ஏன் கொடுக்க வேண்டும்? 2டி வரைபடம் மட்டும் போடுகிறவருக்கு ஆட்டோகேட் எல்டி (2டி-க்கான சிறிய பதிப்பு) போதும் என்றால் அதைக் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். பணம் கட்டுமுன் ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: கடந்தகாலப் பயன்பாடு முழுவதற்கும் விடுவிப்பு, அக்கா மகனும் அதில் அடக்கம், இது குற்ற ஒப்புதல் அல்ல, புகார் ஏதும் கொடுக்கப்படாது. புதிய உரிமம் வாங்குவதால் மட்டும் பழைய 2 வருடம் தீர்ந்துவிடாது.

எஃப்ஐஆர் பதிவாகியிருந்தால் இந்தச் சமரசம் மட்டும் போதாது. அதை ரத்து செய்ய பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 528-இன் கீழ் உயர் நீதிமன்றம் போக வேண்டும். கைது பயம் இருந்தால் பிரிவு 482-இல் முன்ஜாமீன். பழைய சட்டத்தில் 482 என்றால் ரத்து மனு. எண் மாறியிருப்பதை கவனியுங்கள்.

கணக்கு அக்கா மகன் பெயரில் இருப்பதால் அவனுக்கும் சிக்கல் உண்டு, கல்லூரியும் விசாரிக்கலாம். அவன் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளட்டும். நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ தனியாக மன்னிப்பு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம் என்று அவனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.