ஐஸ்லாந்து: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஐஸ்லாந்து முழுக்கப் பனிதானா?

பதில்: இல்லை. பத்தில் ஒரு பங்கு நிலம்தான் பனிப்பாறைக்கு அடியில் இருக்கிறது. பரப்பு சுமார் 1,03,000 சதுர கி.மீ.; மக்கள்தொகையோ 4 லட்சத்துக்கும் குறைவு. நடுநாட்டில் யாரும் குடியிருப்பதில்லை, ஊர்கள் பெரும்பாலும் கடலோரம்தான். மூன்றில் இரண்டு பங்குப் பேர் தலைநகர் ரெய்க்யவிக்கிலும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள். வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் வந்து தொடுவதால் அங்கே ஜனவரி சராசரியே பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான். குளிரைவிடக் காற்றுதான் படுத்தும்.

கேள்வி: வீட்டைச் சூடாக்க என்ன எரிக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் எதுவும் எரிப்பதில்லை. பத்தில் ஒன்பது வீட்டுக்கு நிலத்தடி வெப்பம்தான். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பல இடங்களில் அழுகிய முட்டை வாடை வரும், அது கந்தகம். பச்சைத்தண்ணீர்க் குழாயில் அந்த வாடை கிடையாது, தாராளமாகக் குடிக்கலாம்.

கேள்வி: ஆயிரம் வருஷத்துக்கு மேல் குடியிருந்தும் ஜனம் ஏன் இவ்வளவு கொஞ்சம்?

பதில்: மண் தாங்கவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் பிர்ச் மரக் காடுகளை வெட்டி ஆடு மேய்த்தார்கள். வேர் போனதும் மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. அப்புறம் 1783-ல் லாக்கி எரிமலை வெடித்தது. எட்டு மாதம் ஓயவில்லை. ஆட்களைக் கொன்றது நெருப்புக் குழம்பு அல்ல. நச்சு படிந்த புல்லைத் தின்று ஆடுமாடுகள் மடிந்தன, பின்னாலேயே பஞ்சம் வந்தது. ஐந்தில் ஒருவர் இறந்துபோனார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

கேள்வி: பிறகும் ஏன் எரிமலைப் பக்கத்திலேயே இருக்கிறார்கள்?

பதில்: மீன் அங்கேதானே இருக்கிறது! ஹெய்மேய் தீவைப் பாருங்கள். 1973 ஜனவரி 23, நள்ளிரவு தாண்டி ஊரை ஒட்டியே தரை பிளந்தது. முந்தின நாள் புயலால் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நின்றிருந்தன; சுமார் 5,300 பேர் இரவோடிரவாக வெளியேறினார்கள். குழம்பு துறைமுக வாயை அடைக்க வந்தது. கடல்நீரை மாதக்கணக்கில் பீய்ச்சி அதை இறுக வைத்தார்கள். துறைமுகம் பிழைத்தது, பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள்.

கேள்வி: எல்லோர் பேரும் 'சொன்', 'டோட்டிர்' என்றே முடிகிறதே, ஒரே வம்சமா?

பதில்: இல்லை, அது அப்பா பேர். சில சமயம் அம்மா பேர். சொன் என்றால் மகன், டோட்டிர் என்றால் மகள். நம் இனிஷியல் மாதிரிதான். ஒரே வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் வேறு வேறு. கல்யாணமானாலும் பெண்கள் மாற்றிக்கொள்வதில்லை. கூப்பிடுவது சொந்தப் பேரைச் சொல்லித்தான். 1980-ல் மக்கள் வாக்களித்து ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்த விக்டிஸ் ஃபின்பொகடோட்டிர்கூட ஊருக்கெல்லாம் விக்டிஸ்தான்.