பட்டன் அமுக்குகிற வேலையா? ரேடியோகிராபி சேர நினைக்கும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. மகளுக்கு பி.எஸ்சி. ரேடியோகிராபி, அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் படிப்பில் சீட் கிடைக்கும்போல இருக்கிறது, ஆனால் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பட்டன் அமுக்குகிற வேலைக்கு எதற்கு நாலு வருஷம் என்கிறார் உங்கள் தம்பி. கதிர்வீச்சுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை, நாளைக்குக் குழந்தை பெற வேண்டிய பெண் என்கிறார் மாமியார். இன்னும் பத்து வருஷத்தில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்பது உங்கள் வீட்டுக்காரரின் கவலை.

மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குக் கணக்கு இருக்கிறது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நம் நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஐந்து வருஷ சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. எந்த வேலையும் செய்யாமல் வீட்டில் இருப்பவருக்கே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஊழியர் நெஞ்சில் மாட்டும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள். சாதாரண எக்ஸ்ரே எடுக்கும்போது அவர் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால்தான் நிற்பார், ஆகவே ஒழுங்காக நடக்கிற இடத்தில் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூடப் போக மாட்டார். கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு, மீதி மாதங்கள் முழுக்க வயிற்றுக் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று தனி விதி இருக்கிறது. அந்த நேரத்தில் எம்.ஆர்.ஐ. பக்கம் மாற்றிக் கேட்கலாம், அங்கே எக்ஸ்ரே கதிரே கிடையாது. பேட்ஜே கொடுக்காத இடத்தில் வேலைக்குச் சேரக் கூடாது என்பதை மட்டும் மகள் மனதில் வைத்துக்கொள்ளட்டும். அப்படிப்பட்ட இடங்களும் இருக்கின்றன.

இப்போது உங்கள் தம்பி. அவர் சொல்வது பாதி உண்மை. நடுத்தர உடம்பு, காது நன்றாகக் கேட்கிறது, சொன்னபடி நிற்பார், மூச்சை இழுத்துப் பிடி என்றால் பிடிப்பார் என்றால், அவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது கிட்டத்தட்ட பட்டன் அமுக்குகிற வேலைதான். மெஷினுக்குள் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் அளவுகள் அவருக்காகத் தைத்த ரெடிமேட் சட்டை மாதிரி. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் அந்தச் சட்டைக்குள் அடங்காதவர்கள் ரொம்பப் பேர். உங்கள் மகள் நாலு வருஷம் படிக்கப்போவது அவர்களுக்காகத்தான். மூன்று பேரை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு குழந்தை, ஒரு கனத்த உடம்புக்காரர், விழுங்கத் தெரியாமல் போன ஒரு பெரியவர்.

குழந்தையிடம் மூச்சைப் பிடி என்று சொல்ல முடியாது. அது அழும். அழட்டும், அதில் ஒரு வசதி இருக்கிறது: வீறிட்டு முடித்ததும் அடுத்த அழுகைக்காக ஒரு பெரிய மூச்சு இழுக்கும் பாருங்கள், நுரையீரல் நன்றாக விரியும் அந்த நொடியில்தான் எடுக்க வேண்டும். நெஞ்சையே பார்த்துக்கொண்டு, விரலைப் பட்டனில் வைத்துக் காத்திருப்பார் நல்ல டெக்னீஷியன். கதிர் போகும் நேரத்தையும் சில மில்லிசெகண்டுக்குக் குறைத்திருப்பார், இல்லாவிட்டால் படம் ஆடிப்போகும், மறுபடி எடுக்க வேண்டிவரும், மறுபடி எடுப்பதுதான் குழந்தைக்குப் பெரிய கேடு. வளரும் செல்கள் கதிருக்குச் சீக்கிரம் பாதிக்கப்படும், அதோடு அந்தப் பாதிப்பு வெளிப்பட முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது. பெரியவர்களுக்குப் படம் மங்காமல் இருக்க, படத்தைப் பதிவு செய்யும் டிடெக்டருக்கு முன்னால் கிரிட் என்று ஒரு தட்டு வைப்பார்கள், அது இருந்தால் கதிரையும் கூட்டித்தான் ஆக வேண்டும். பத்து சென்டிமீட்டர்கூட இல்லாத சிறு உடம்புக்கு அது தேவையில்லை, எடுத்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு வைத்த அளவிலேயே குழந்தைகளுக்கும் எடுத்துக்கொண்டிருந்ததைக் குறைக்கத்தான் அமெரிக்காவில் 2008-ல் 'இமேஜ் ஜென்ட்லி' என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள்.

யார் பிடித்துக்கொள்வது என்று ஒரு கேள்வி வரும். அம்மாவோ அப்பாவோ ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்கலாம், கர்ப்பிணி கூடாது, பிடிக்கிறவர் கை கதிர் விழும் சதுரத்துக்குள் வரக் கூடாது. ஊழியரே தினமும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, அம்மாவுக்கு அது ஒரு நாள், அவருக்கு வருஷம் முழுக்க.

நாணயத்தை விழுங்கிவிட்டான் என்று பதறிக்கொண்டு வருவார்கள். நேராக எடுத்த படத்தில் நாணயம் முழு வட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் உணவுக்குழாயில் இருக்கிறது என்று அர்த்தம், வயிற்றுக்கு இறங்கிவிட்டால் பெரும்பாலானவை தானே வெளியே போய்விடும். ஆனால் அந்த வட்டத்தின் ஓரத்தில் உள்ளே இன்னொரு வளையம் தெரிந்தால் அது நாணயம் இல்லை, ரிமோட்டிலும் பொம்மையிலும் போடுகிற பட்டன் பேட்டரியாக இருக்கலாம். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை எரிக்க ஆரம்பித்துவிடும். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர் வேலைதான், ஆனால் படத்தை முதலில் பார்க்கிறது உங்கள் மகள். வரிசையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவதா, போனை எடுத்து டாக்டரை உடனே வரச் சொல்வதா என்பது அவர் கையில்.

பழைய புத்தகத்தில் படித்தவர்கள் குழந்தையின் இனப்பெருக்க உறுப்பின் மேல் ஈயத்தகடு வைக்கச் சொல்வார்கள். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-ல் அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தகடு நகர்ந்து பார்க்க வேண்டிய இடத்தையே மறைக்கிறது, மெஷினின் தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு மேல் தகடு வந்துவிட்டால் அது கதிர் பத்தவில்லை என்று நினைத்துக் கூடுதலாகக் கொடுக்கிறது. பாதுகாப்புக்கு வைத்ததே தொந்தரவு. ஒருதடவை படித்துவிட்டால் போதும் என்கிற தொழில் இது இல்லை.

அடுத்து கனத்த உடம்பு. இங்கே முதல் பாடம் இயற்பியல் இல்லை, மரியாதை. வராண்டாவில் பத்து பேர் முன்னால் "எவ்வளவு வெயிட்?" என்று கத்தக் கூடாது, ஆனால் எடை தெரிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மேசைக்கும் தாங்கும் எடை வரம்பு உண்டு. சி.டி. மெஷினில் எடை மட்டும் இல்லை, சுற்றளவும் பிரச்சினை, பல மெஷின்களின் துவாரம் 70 சென்டிமீட்டர்தான், எம்.ஆர்.ஐ.யில் 60-ம் இருக்கிறது. உள்ளே தள்ளிப் பார்த்து நுழையவில்லை என்று வெளியே இழுப்பதுபோல ஒரு அவமானம் அவருக்கு வேண்டாம், முன்னாலேயே அளந்துவிட வேண்டும். தனியாகத் தூக்கவும் கூடாது. இந்தத் துறையில் கதிர்வீச்சால் போன முதுகு எதுவும் இல்லை, ஆளைத் தூக்கிப் போன முதுகுதான் அதிகம் என்று சீனியர்கள் சொல்வார்கள், எனக்கும் அது சரி என்றே படுகிறது.

உடம்பு பெருத்தாலும் எலும்பு பெருப்பதில்லை. இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் மேசையில் ஆள் படுத்ததும் மறந்துபோகும். வெளியே தெரிகிற அகலத்தைப் பார்த்து மையம் வைத்தால் படம் தப்பிப்போகும். வழக்கமாகத் தொட்டுப் பார்க்கும் இடுப்பெலும்பு விளிம்பு கொழுப்பு மடிப்புக்குள் கைக்கே அகப்படாது. தொண்டைக்குழி யாருக்கும் கிடைக்கும், அங்கிருந்து கீழ்நோக்கி அளந்து கணக்குப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். வயிற்றை ஒரே படத்தில் அடக்க முடியாது. டிடெக்டர் 35-க்கு 43 சென்டிமீட்டர், ஆகவே அதைப் படுக்கவைத்து இரண்டாக, சிலருக்கு நான்காகப் பிரித்து எடுத்து, எந்த ஓரமும் விடுபடாமல் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி பார்த்துக்கொள்வார்கள். சதை நான்கைந்து சென்டிமீட்டர் கூடினால் கதிர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும். அதைக் கொடுத்தால் உடம்புக்குள் சிதறுகிற கதிரும் கூடிப் படம் பனிமூட்டமாகிவிடும். ஊடுருவும் சக்தியைக் கூட்டினால் கறுப்பு வெளுப்பு வித்தியாசம் குறையும், கூட்டாவிட்டால் உள்ளேயே போகாது. குழந்தைக்கு எடுத்துவிட்ட கிரிட் இங்கே கட்டாயம். அதோடு கதிர் விழும் சதுரத்தை முடிந்தவரை சுருக்கவும் வேண்டும். எந்த மெஷினில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது கைப்பழக்கத்தில்தான் வரும்.

சென்னை, கோவை மாதிரி ஊர்களில் உடல்பருமனுக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. இரைப்பையைச் சுருக்கிய பிறகு தையல் கசிகிறதா என்று பார்க்க, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் ஒரு மருந்தைக் குடிக்க வைத்துப் படம் எடுப்பார்கள். கசிவு இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் பேரியம் என்ற மருந்தைக் கொடுக்கக் கூடாது, அது வயிற்றறைக்குள் சிந்தினால் பெரிய ஆபத்து, தண்ணீரில் கரையும் அயோடின் மருந்துதான் கொடுக்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மூன்றாவது ஆளிடம் வாருங்கள்.

அவர் பக்கவாதம் வந்த பெரியவர். அல்லது புகையிலை, பாக்கு போட்டு வாய்ப் புற்றுநோய் வந்து ரேடியேஷன் சிகிச்சை முடித்தவர், நம் நாட்டில் இவர்களுக்குக் குறைவே இல்லை. சாப்பாடு உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் தலையில் தட்டுவோம், அந்த இருமல் ஒரு நல்ல காவல்காரன். இவர்களில் சிலருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது, பக்கத்தில் இருந்து ஊட்டுகிறவருக்கும் தெரியாது, நிமோனியா வந்த பிறகுதான் தெரியும். வீடியோபோல ஓடுகிற எக்ஸ்ரே படத்தில் மட்டும்தான் அதைப் பிடிக்க முடியும், அல்லது மூக்கு வழியாகக் கேமரா விட்டு. அமெரிக்காவில் ஜெரி லோகமன் என்ற பேச்சு, விழுங்கல் நிபுணர் வளர்த்தெடுத்த பரிசோதனை இது.

ஆளை நாற்காலியில் பக்கவாட்டில் உட்காரவைத்து, உதடு முதல் கழுத்தெலும்பு வரை படத்தில் வரும்படி வைத்து, பேரியம் கலந்த தண்ணீர் பதம், கெட்டிப் பதம், கூழ் பதம், பேரியம் தடவிய பிஸ்கட் என்று சின்ன அளவில் ஆரம்பித்துக் கொடுப்பார்கள். கொடுக்கிறவர் ஸ்பீச் தெரபிஸ்ட். தொண்டைக்குள் நடக்கும் விழுங்கல் ஏறக்குறைய ஒரே ஒரு நொடி. கதிரைக் குறைக்கிறேன் என்று நொடிக்கு 30 படம் எடுப்பதை 8-க்கோ 15-க்கோ இறக்கினால், உணவு மூச்சுக்குழாய்க்குள் எட்டிப் பார்த்த அந்தக் கணமே இரண்டு படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். குழந்தையிடம் குறை குறை என்று படித்த அதே மாணவி இங்கே வேகத்தைக் குறைக்காமல் மொத்த நேரத்தைத்தான் குறைக்க வேண்டும்: உணவு வாய்க்குள் போகும்போது மிதியை அழுத்தி, விழுங்கி முடித்ததும் விட்டுவிடுவது.

சற்று முன்னால் சொன்ன மருந்து விஷயம் இங்கே தலைகீழ். கசிவுக்குச் சரியான அந்த அடர்த்தியான அயோடின் மருந்து நுரையீரலுக்குள் போனால் நீர் கோத்துக்கொள்ளும். புரை ஏறக் கூடியவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது, பேரியம்தான் பாதுகாப்பு. இரண்டு பேருமே "குடிச்சிட்டு எடுக்கிற எக்ஸ்ரே" என்றுதான் சீட்டோடு வருவார்கள். எது கொடுப்பது என்று முடிவெடுப்பது டாக்டர், ஆனால் டம்ளரை எடுத்து வைக்கிறவருக்கும் ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும். கதிர் ஓடும்போது அறைக்குள்ளேயே ஆட்கள் நிற்கிற இடமும் இதுதான். ஏப்ரன், கழுத்துப் பட்டை இரண்டும் வேண்டும், இரண்டடி பின்னால் நிற்கிறவர் நான்கடிக்குப் போனால் மேலே படுவது கால் பங்காகிவிடும்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கேமரா வைத்து ஆளைப் பார்த்து அளவைத் தானே போடும் மெஷின்கள் வந்துவிட்டன, நடுத்தர உடம்பின் நெஞ்சு எக்ஸ்ரேயை அவை நன்றாகவே எடுக்கும். அதை மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வருகிறவருக்கு வேலை போகலாம் என்று நானும் நினைக்கிறேன். வீறிடும் குழந்தையிடமும், கழுத்து நிற்காத பெரியவரிடமும் ஆள்தான் வேண்டும்.

அதனால் கல்லூரியைப் பார்க்கும்போது கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்க்காதீர்கள். சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, இரவு பகல் அவசர சிகிச்சை நடக்கிறதா, குழந்தைகள் வார்டு உண்டா, ஓடுகிற எக்ஸ்ரே எடுக்கும் ஃபுளோரோஸ்கோபி அறை இப்போது இயங்குகிறதா அல்லது பூட்டி இருக்கிறதா, ஸ்பீச் தெரபி துறை இருக்கிறதா, மாணவர்கள் கையால் பொசிஷன் வைக்கிறார்களா அல்லது சுவர் ஓரம் நின்று பார்க்கிறார்களா என்று மூன்றாம் வருஷப் பிள்ளைகளைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருஷப் படிப்பும் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப்பும் இருக்கும், அந்தக் கடைசி வருஷம் எங்கே என்பது ரொம்ப முக்கியம். பணம் கஷ்டம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டு வருஷ டிப்ளமோவும் நல்ல வழிதான். ஆறு மாத சான்றிதழ் என்று கூப்பிடுகிறவர்களிடம் போகாதீர்கள். மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்காக 2021-ல் வந்த அலைட் ஹெல்த் சட்டத்தில் இந்தத் தொழிலுக்கும் பதிவு வந்துவிட்டது, அங்கீகாரம் இல்லாத படிப்பு அங்கே இடிக்கும்.

தொடக்கச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன், நைட் டியூட்டியும் உண்டு. முன்பின் தெரியாதவரைத் தொட்டு, திருப்பி, பேசி வேலை வாங்கக் கூச்சப்படுகிற பிள்ளை என்றால் இரண்டு தடவை யோசிக்கட்டும். பிளஸ் டூ இயற்பியல் பிடிக்கவே பிடிக்காது என்றாலும் அப்படியே. இந்த இரண்டும் இல்லையென்றால் சேருங்கள். கவுன்சலிங்குக்குப் போகும் முன் அவள் மனதில் இருக்கும் கல்லூரிகளின் பெயரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் எழுத வேண்டாம், அவளே எழுதட்டும்.